பிரித்துச் சேர்க்கும் செல் மாதிரி: கையில் எடுத்துப் பார்க்க ஏற்றது, கையேட்டை நம்பத் தயக்கம்

மேல்நிலை உயிரியல் வகுப்புகளை எண்ணி விற்கப்படும் செல் மாதிரிகளில் பெரும்பாலானவை, ஒரே அச்சில் வார்த்து மேலே வண்ணம் பூசிய தட்டையான பலகைகளே. இங்கு மதிப்பிடப்படும் மாதிரி அந்த வகையைச் சேர்ந்ததன்று. 40 செ.மீ. விட்டமுள்ள அரைக்கோளமாக ஒரு விலங்கு செல்லும், ஏறத்தாழ அதே உயரத்தில் பெட்டி வடிவிலான ஒரு தாவர செல்லும் தனித்தனித் தாங்கிகளின்மேல் அமைக்கப்பட்டுள்ளன. உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, கோல்கை உறுப்பு, சென்ட்ரியோல் (நுண்குழல்களாலான சிறு உருளை) இணை, பசுங்கணிகம் முதலியவற்றைக் காந்தத்தின் பிடியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துப் பார்க்கலாம். அவற்றுள் உட்கருவும் ஒரு மைட்டோகாண்ட்ரியனும் ஒரு பசுங்கணிகமும் மேலும் இரண்டாகத் திறக்கின்றன. உறுப்புகளின்மேல் பெயர்களுக்குப் பதிலாக எண்கள் மட்டுமே பொறிக்கப்பட்டிருப்பதால், மாணவர் பெயரைப் பார்த்து ஒப்பிக்க வழியில்லை. வடிவத்தைக் கொண்டே அடையாளம் காண வேண்டும். உடன் வரும் சிறு கையேடு எண்களுக்குரிய பெயர்களையும் ஒவ்வொன்றின் பணியையும் தருகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யூகேரியோட்டிக் செல்லுக்குள் (உட்கரு உள்ள செல்லுக்குள்) என்னென்ன இருக்கின்றன என்று காட்டும் பொருளாக இது சிறந்தது. அவை எவ்வளவு இருக்கின்றன, எவ்வாறு தொடர்புகொண்டு இயங்குகின்றன என்ற கேள்விகளுக்கு வரும்போது, ஓரிரு இடங்களில் பாராட்டத்தக்க நுட்பத்தையும் பல இடங்களில் பழைய பாடப்படங்களின் பிழைகளையும் ஒருங்கே காண்கிறோம். ஆசிரியர் அருகில் இருந்து விளக்கினால் நல்ல கருவி. மாணவர் தனியே வைத்துப் படித்தால், செல் என்பது நீர்மத்தில் மிதக்கும் தனித்தனிப் பொருள்களின் தொகுப்பு என்ற எண்ணமே மிஞ்சும். கட்டுமானத்தில் பெரிய குறையில்லை என்பதால், இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி அந்த எண்ணம் எங்கெங்கே உருவாகிறது என்பதைப் பற்றியதாகவே அமைகிறது.

அளவிலிருந்து தொடங்குவது முறை. மாதிரி 20,000 மடங்கு பெரிதாக்கப்பட்டது என்று கையேடு கூறுகிறது. 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள விலங்கு செல்லை 40 செ.மீ. அளவுக்குக் கொண்டுவந்தால் அந்தக் கணக்கு சரியாகவே வருகிறது. 12 செ.மீ. அகலமுள்ள உட்கரு உண்மையில் 6 மைக்ரோமீட்டருக்கு ஈடாகிறது, அதுவும் பொருத்தமே. 2 செ.மீ. தடிமனுள்ள மைட்டோகாண்ட்ரியாவும் ஏற்கத்தக்க வரம்புக்குள் இருக்கின்றன. சென்ட்ரியோல் மட்டும் இரு மடங்கு பெரிதாக்கப்பட்டிருக்கிறது. சுமார் அரை மைக்ரோமீட்டர் நீளமுள்ள அது இந்த அளவீட்டில் ஒரு செ.மீ.தான் இருக்க வேண்டும். அதைவிடச் சிறியவற்றுக்கு வந்தால் அளவீடு முற்றிலும் கைவிடப்படுகிறது. செல் சவ்வின் தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர். 20,000 மடங்கு பெருக்கினாலும் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே. மாதிரியிலோ அது 4 மி.மீ. தடிமனுள்ள நெகிழி ஓடாக நிற்கிறது. 25 முதல் 30 நானோமீட்டர் அளவுள்ள, புரதம் செய்யும் துகளான ரைபோசோம் அரை மில்லிமீட்டர் புள்ளியாக இருக்க வேண்டிய இடத்தில் மிளகை ஒத்த மணிகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. கைக்கு அகப்பட வேண்டிய பொருளில் இது தவிர்க்க இயலாதது என்பதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் எந்தெந்த உறுப்பு அளவீட்டை மீறியுள்ளது என்பதைக் கையேட்டில் ஒரு வரியிலாவது குறிப்பிட்டிருக்க வேண்டும். குறிப்பிடாததால், 20,000 என்ற எண் அனைத்துக்கும் பொருந்துவதாகப் படிப்பவர் கொள்வார்.

உட்கருவே இந்த மாதிரியின் மிகச் சிறந்த பகுதி. உட்கரு உறை இரண்டு சவ்வுகளால் ஆனது என்பதும், வெளிச்சவ்வு எந்த இடைவெளியுமின்றி எண்டோபிளாச வலையாக (புரதங்களும் கொழுப்புகளும் உருவாகும் சவ்வு மடிப்புகளாக) தொடர்கிறது என்பதும் பாடநூலில் ஒரு வாக்கியமாக வந்து போகும்; பெரும்பாலான மாணவர் நினைவில் அது தங்குவதில்லை. இங்கு உட்கருவின் வெளியோடும், ரைபோசோம்கள் ஒட்டியதால் சொரசொரப்பான எண்டோபிளாச வலையின் முதல் மடிப்பும் ஒரே வார்ப்பாகச் செய்யப்பட்டிருக்கின்றன. உட்கருவைக் கழற்றினால் வலையின் ஒரு பகுதியும் கூடவே வருகிறது. இரண்டு சவ்வுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியும் வலையின் உட்குழிவும் ஒன்றே என்பதை, திறந்த விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். இதை வடிவமைத்தவர் செல்லியலை நன்கு அறிந்தவர் என்பதில் ஐயமில்லை. பிற பகுதிகளையும் அவரிடமே விட்டிருக்கலாம்.

உறையில் அறுபது அளவில் குழிகள் இடப்பட்டுள்ளன; அவை உட்கருத் துளைகளைக் குறிக்கின்றன. பாலூட்டிகளின் உட்கருவில் இத்துளைகள் பொதுவாக 3,000 முதல் 4,000 வரை இருக்கும். எண்ணிக்கையைக் காட்டிலும் முதன்மையான குறை, துளை வெறும் ஓட்டையாகக் காட்டப்பட்டிருப்பது. உண்மையில் ஒவ்வொரு துளையையும் ஏறத்தாழ 30 வகைப் புரதங்கள் பல நகல்களாகச் சேர்ந்து அமைத்த பெரிய கட்டமைப்பு ஒன்று நிரப்புகிறது. சிறு மூலக்கூறுகள் அதனூடே தாமாகப் பரவிச் செல்லும். பெரிய புரதங்களோ உரிய அடையாள வரிசையைத் தம்மிடம் கொண்டிருந்து, அதைப் பற்றிக்கொள்ளும் கடத்திப் புரதத்தின் துணையோடுதான் உள்ளே நுழைய முடியும். தூது ஆர்.என்.ஏ.வும் ரைபோசோமின் துணை அலகுகளும் அதே வழியே வெளியேறுகின்றன. எது உள்ளே செல்லலாம், எது செல்லக் கூடாது என்று தெரிந்தெடுக்கும் இந்தப் பண்பே உட்கருவை உட்கருவாக்குகிறது. குழியிட்ட ஓடு அதைச் சொல்லவில்லை.

உள்ளே அடர்சிவப்பு உருண்டையாக உட்கருமணி இருக்கிறது. அதற்குத் தனியே சவ்வு இல்லை என்பதைக் காட்ட விளிம்பு மழுங்கலாக விடப்பட்டிருக்கிறது. கவனத்தோடு செய்த வேலை. ரைபோசோம் ஆர்.என்.ஏ. உருவாவதும் துணை அலகுகள் கோக்கப்படுவதும் அங்கேதான். குரோமாட்டின் (டி.என்.ஏ.வும் புரதங்களும் சேர்ந்த இழை) என்று காட்டப்படும் நூல்போன்ற புடைப்புகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆனால் ஒரு கணக்கை ஆசிரியர் தாமே போட்டுக் காட்டலாம். ஒரு மனித செல்லில் உள்ள டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர். மாதிரியின் அளவீட்டில் அது 40 கிலோமீட்டர் நீளமும், ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் நான்கு பங்கு தடிமனும் உள்ள இழையாகும். அந்த நீளம் முழுவதும் இந்த 12 செ.மீ. உருண்டைக்குள் ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி மடிந்து கிடக்கிறது என்று சொன்னால், வகுப்பில் சற்று நேரம் பேச்சு எழாது.

எண்டோபிளாச வலையின் தொடக்கம் நன்றாக இருந்தும், அதன் பரப்பு மிகவும் குறைத்துக் காட்டப்பட்டிருக்கிறது. மாதிரியில் அது உட்கருவை ஒட்டி நான்கைந்து மடிப்புகளோடு நின்றுவிடுகிறது. உண்மையான விலங்கு செல்லில் அது செல்லின் விளிம்புவரை பரவும் ஒரே தொடர்ச்சியான வலை. செல்லிலுள்ள மொத்தச் சவ்வுப் பரப்பில் பாதிக்கும் மேற்பட்டது பெரும்பாலும் அதற்கே உரியது. கல்லீரல் செல்லை எடுத்துக்கொண்டால், சொரசொரப்பான வலை மொத்தச் சவ்வில் 35 விழுக்காடும் வழவழப்பான வலை 16 விழுக்காடும் கொள்கின்றன. நாம் மிகப் பெரியதாக எண்ணும் வெளிப்புறச் செல் சவ்வின் பங்கு 2 விழுக்காடே. கணையத்தின் நொதி சுரக்கும் செல்களில் சொரசொரப்பான வலையின் பங்கு 60 விழுக்காட்டை எட்டுகிறது. இந்த மாதிரியைப் பார்ப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறான எண்ணமே தோன்றும்: வெளியோடு பெரியது, வலை சிறியது.

வழவழப்பான வலை தனி வண்ணத்தில், சொரசொரப்பான வலையிலிருந்து விலகி, குழாய்த் துண்டுகளாக வைக்கப்பட்டிருப்பது மற்றொரு குறை. இரண்டும் ஒரே சவ்வமைப்பின் இரு பகுதிகள். கொழுப்புகளும் ஸ்டீராய்டுகளும் உருவாதல், கல்லீரலில் மருந்துகளும் நச்சுப் பொருள்களும் நீரில் கரையும் வடிவுக்கு மாற்றப்படுதல், கால்சியம் அயனிகளைச் சேமித்து வேண்டும்போது விடுவித்தல் ஆகியவை வழவழப்பான பகுதியின் பணிகள். தசை செல்லில் இதே வலை கால்சியம் சேமிப்புக்கென்றே சிறப்பாக அமைந்து, சுருக்கத்தைத் தொடங்கி வைக்கிறது. கையேடு முதல் இரண்டு பணிகளைச் சொல்லி, மூன்றாவதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது. மேல்நிலை மாணவருக்கு அது விடத்தக்க செய்தியன்று.

ரைபோசோம்களில் செய்திருக்கும் பிழை எனக்கு மிகவும் உறுத்தலானது. வலையின்மேல் ஒட்டியவை கறுப்பு, சைட்டோபிளாசத்தில் தனித்திருப்பவை மஞ்சள் என்று இரு வண்ணங்கள் தரப்பட்டிருக்கின்றன. அழகுக்காகச் செய்திருக்கலாம்; ஆனால் பார்ப்பவர் இருவகை ரைபோசோம்கள் இருப்பதாகவே கொள்வார். அமைப்பில் இரண்டுக்கும் எந்த வேறுபாடும் இல்லை. 60எஸ், 40எஸ் என்ற இரு துணை அலகுகள் சேர்ந்த 80எஸ் ரைபோசோம்தான் இரண்டும் (எஸ் என்பது மையவிலக்கியில் துகள் படியும் வேகத்தின் அலகு). எந்த ரைபோசோமும் புரதம் செய்யத் தொடங்கும்போது சைட்டோபிளாசத்தில்தான் இருக்கிறது. உருவாகிவரும் புரதத்தின் முனையில் குறிப்பிட்ட அடையாள வரிசை தோன்றினால், அதை அடையாளத் துகள் பற்றிக்கொண்டு ரைபோசோமை வலையின் சவ்வுக்கு இட்டுச் செல்கிறது. வேலை முடிந்ததும் ரைபோசோம் பிரிந்து பொதுத் தொகுதிக்கே திரும்புகிறது. புரதங்கள் தம் போய்ச்சேரும் இடத்தைத் தம்முள்ளேயே எழுதிக்கொண்டுள்ளன என்ற இந்தக் கண்டுபிடிப்புக்காகவே குன்டர் பிளோபெல் 1999-இல் நோபல் பரிசு பெற்றார். ரைபோசோமின் அணுநிலை அமைப்பைக் கண்டறிந்ததற்காக வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், ஆடா யோனத் ஆகிய மூவரும் 2009-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அந்த அமைப்பில் இருவகை என்ற பேச்சுக்கே இடமில்லை. மஞ்சள் மணிகளுக்குக் கறுப்பு மையைப் பூசிவிட்டால் பிழை தீரும். நான் அப்படித்தான் செய்தேன்.

கோல்கை உறுப்பு பார்வைக்கு அழகானது. ஐந்து தட்டையான பைகள் சற்றே வளைந்து அடுக்கப்பட்டிருக்கின்றன. விளிம்புகளில் மெல்லிய கம்பிகளின் நுனியில் நுண்பைகள் தொங்குகின்றன. 1898-இல் கமில்லோ கோல்கி வெள்ளி உப்புச் சாயத்தில் நரம்பு செல்களைப் பார்த்தபோது கண்ட வலையமைப்பு இதுவே; சாயத்தால் தோன்றிய போலி உருவமே அது என்ற ஐயம், மின்னணு நுண்ணோக்கி வரும்வரை பலரிடம் நீடித்தது. மாதிரியின் சிக்கல் காந்தத்தில் இருக்கிறது. உறுப்பின் இரு பக்கங்களிலும் ஒரே வகைக் காந்தம் பொருத்தப்பட்டிருப்பதால், அதை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் ஒட்டிக்கொள்கிறது. கோல்கை உறுப்புக்கோ திசை உண்டு. எண்டோபிளாச வலையை நோக்கிய சிஸ் முகத்தில் பொருள்கள் நுழைகின்றன. அடுக்கைக் கடந்து வரும்போது புரதங்களோடு சேர்ந்த சர்க்கரைத் தொடர்கள் படிப்படியாக மாற்றியமைக்கப்படுகின்றன. டிரான்ஸ் முகத்தில் அவை செல் சவ்வுக்கோ, லைசோசோமுக்கோ, சுரப்புப் பைக்கோ எனப் பிரித்து அனுப்பப்படுகின்றன. ஒவ்வொரு பையிலும் உள்ள நொதிகள் வேறு. தலைகீழாக வைத்தாலும் பொருந்தும் மாதிரி, இந்த வரிசையையே அழித்துவிடுகிறது. ஒரு பக்கக் காந்தத்தின் துருவத்தை மாற்றியிருந்தால் போதும்.

அந்தக் கம்பி நுனி நுண்பைகளைப் பற்றி ஒரு சொல். இவை 50 முதல் 100 நானோமீட்டர் அளவுள்ளவை. எந்தச் சவ்விலிருந்து மொட்டுவிட வேண்டும், எந்தச் சவ்வோடு இணைய வேண்டும் என்பதைத் தம் மேற்பரப்புப் புரதங்களைக் கொண்டு அறிந்து செயல்படுகின்றன. இந்தப் போக்குவரத்தின் பொறிமுறையை விளக்கியதற்காக ஜேம்ஸ் ராத்மன், ராண்டி ஷெக்மன், தாமஸ் சூடாஃப் ஆகியோர் 2013-இல் நோபல் பரிசு பெற்றனர். கையேட்டில் நுண்பைகளுக்கு எண்கூட இல்லை. செல்லின் உறுப்புகளை ஒன்றோடொன்று இணைப்பது எதுவோ, அதற்கே பெயர் தரப்படவில்லை.

செரிமான நொதிகள் அடங்கிய பையான லைசோசோமும், ஆக்சிஜனேற்ற நொதிகள் அடங்கிய பையான பெராக்சிசோமும் ஒரே அச்சில் வார்த்து வேறு வண்ணம் பூசப்பட்டவை. இரண்டையும் வேறுபடுத்திக் காட்டப் போதிய முயற்சி இல்லை. ஆனால் இவற்றின் கதையே வேறு. லைசோசோம் கண்ணால் காணப்படுவதற்கு முன் வேதியியலால் ஊகிக்கப்பட்டது. எலியின் கல்லீரல் செல்களை உடைத்து, மையவிலக்கி கொண்டு பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டிருந்த கிறிஸ்டியன் டி டூவ், ஒரு நொதியின் செயல்பாடு எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத் தெரிவதையும், சில நாள்கள் கழிந்தபின் அதே கலவையில் அது கூடிவிடுவதையும் கண்டு, அந்நொதி ஏதோ ஒரு சவ்வுப் பைக்குள் அடைபட்டிருக்க வேண்டும் என்று உணர்ந்தார். 1955-இல் லைசோசோம் என்று பெயரிட்டவரும் அவரே. ஆல்பெர்ட் கிளாட், ஜார்ஜ் பலாடே ஆகியோரோடு 1974-இல் நோபல் பரிசைப் பகிர்ந்தவரும் அவரே. லைசோசோமின் உட்பகுதி 4.5 முதல் 5 வரையிலான pH அளவில் (எண் குறையக் குறைய அமிலத்தன்மை மிகும்) இருக்க, சுற்றியுள்ள சைட்டோசால், அதாவது நுண்ணுறுப்புகளுக்கு வெளியேயுள்ள செல் நீர்மம், 7.2 அளவில் இருக்கிறது. அதாவது உள்ளே ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு நூறு மடங்குக்கும் அதிகம். ஏறத்தாழ 40 வகைச் செரிமான நொதிகள் அந்த அமிலச் சூழலில்தான் முழுத் திறனோடு இயங்குகின்றன. தவறிச் சிறிது கசிந்தாலும் வெளியேயுள்ள நடுநிலைச் சூழலில் அவை மந்தமாகிவிடுகின்றன. கையேடு இதை விட்டுவிட்டு, லைசோசோமைத் தற்கொலைப் பை என்ற பழைய பெயரால் மட்டும் அறிமுகப்படுத்துவது வருந்தத்தக்கது. அதன் அன்றாடப் பணி, பழுதான நுண்ணுறுப்புகளையும் செல் விழுங்கிய பொருள்களையும் சிதைத்து, அவற்றின் கூறுகளை மறுபடியும் பயன்படக் கொடுப்பது. இந்தத் தன்விழுங்கல் முறையை ஈஸ்டில் ஆராய்ந்ததற்காக யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே ஒரு நொதி குறைந்தாலும் என்ன நேரும் என்பதற்கு டே-சாக்ஸ் நோய் சான்று: சிதைக்கப்படாத கொழுப்பு நரம்பு செல்களில் தேங்கிப்போகிறது.

பெராக்சிசோமின் வெட்டுப் பரப்பில் நடுவே ஒரு படிகம் வரையப்பட்டிருக்கிறது. இது எலி செல்லின் நுண்ணோக்கிப் படத்தைப் பார்த்து வரைந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். அந்தப் படிகம் யூரேட் ஆக்சிடேஸ் என்ற நொதியால் ஆனது. மனிதரில் அந்நொதிக்கான மரபணு செயலிழந்துவிட்டதால், மனிதப் பெராக்சிசோமில் படிகம் இருப்பதில்லை. மாதிரியின் பெட்டியிலோ மனித செல் என்று அச்சிட்டிருக்கிறார்கள். சிறிய பிழைதான், ஆயினும் கூர்ந்து பார்க்கும் மாணவர் கேட்டால் விடை சொல்ல ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும்.

மைட்டோகாண்ட்ரியா எட்டு இருக்கின்றன. எட்டும் ஒரே அளவில், ஒரே வடிவில், ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றன. கல்லீரல் செல் ஒன்றில் இவை ஆயிரத்துக்கும் மேல் இருந்து, செல்லின் கன அளவில் 22 விழுக்காட்டை நிரப்புகின்றன. உட்கருவின் பங்கு 6 விழுக்காடே. எண்ணிக்கையும் நிலையானதன்று. உயிருள்ள செல்லில் அவை நீண்டு, கிளைத்து, இரண்டு இணைந்து ஒன்றாகி, ஒன்று பிளந்து இரண்டாகி ஓயாமல் வடிவம் மாறுகின்றன. எட்டில் இரண்டையாவது கிளைத்த இழையாகச் செய்திருந்தால் இந்த மாதிரியின் மதிப்பு பெருமளவு கூடியிருக்கும்.

திறக்கும் மைட்டோகாண்ட்ரியனின் உள்ளே, உட்சவ்வு இருபுறமும் அகன்ற மடிப்புகளாக மாறிமாறி நீண்டிருக்கக் காட்டப்பட்டுள்ளது. 1950-களின் மெல்லிய வெட்டுப் படங்களிலிருந்து வந்த வடிவம் இது. பின்னாளில் மின்னணு நுண்ணோக்கி வழி முப்பரிமாணப் படங்கள் எடுக்கப்பட்டபோது, கிரிஸ்டே என்னும் அந்த மடிப்புகள் பல இடங்களில் குறுகிய குழாய் போன்ற சந்திப்புகள் வழியாகவே உட்சவ்வின் விளிம்புப் பகுதியோடு இணைகின்றன என்று தெரியவந்தது. இது வெறும் வடிவ வேறுபாடன்று. எலக்ட்ரான் கடத்தும் புரதங்கள் ஹைட்ரஜன் அயனிகளை உட்சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இறைக்கின்றன. அவை திரும்பி வரும்போது ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற சுழலும் நொதியின் வழியே வந்து, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. உருவாக வைக்கின்றன. குறுகிய வாயுள்ள கிரிஸ்டேயின் வளைந்த விளிம்புகளில்தான் அந்நொதிகள் இணை இணையாக வரிசை கட்டி நிற்கின்றன. பீட்டர் மிட்செல் 1961-இல் இந்த அயனி வேறுபாட்டுக் கருத்தை முன்வைத்தபோது அதை ஏற்கத் துறையினர் பல ஆண்டுகள் தயங்கினர். 1978-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கையேடோ மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம் என்று எழுதி நிறுத்திக்கொள்கிறது. உட்சவ்வு ஏன் மடிய வேண்டும், இதயத் தசையின் மைட்டோகாண்ட்ரியாவில் கல்லீரலில் உள்ளதைப் போல் மும்மடங்கு கிரிஸ்டே ஏன் இருக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு அந்தத் தொடரில் விடையில்லை.

பாராட்ட வேண்டியது ஒன்றுண்டு: மைட்டோகாண்ட்ரியனில் உட்சவ்வு சூழ்ந்த மேட்ரிக்ஸ் பகுதியில் ஒரு சிறு வட்ட டி.என்.ஏ.வும் சில ரைபோசோம் மணிகளும் வரையப்பட்டுள்ளன. அம்மணிகள் சைட்டோபிளாசத்தில் உள்ளவற்றைவிட வேறு வண்ணத்தில் இருக்கின்றன. இங்கே வண்ண வேறுபாடு முற்றிலும் சரி. மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம்கள் உண்மையிலேயே வேறானவை. மனிதரில் அந்த டி.என்.ஏ. 16,569 கார இணைகளைக் கொண்டது. அதில் 37 மரபணுக்கள் உள்ளன. அவற்றுள் புரதங்களுக்குரியவை 13 மட்டுமே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏனைய புரதங்கள் உட்கரு மரபணுக்களின்படி சைட்டோபிளாசத்தில் செய்யப்பட்டு உள்ளே கடத்தப்படுகின்றன. ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாவின் வழிவந்தவை இவை என்று லின் மார்குலிஸ் 1967-இல் எழுதியதற்கு வலுச்சேர்க்கும் சான்றுகள் இந்த ஒரு வெட்டுப் பரப்பிலேயே இருக்கின்றன.

தாவர செல் பகுதி விலங்கு செல் அளவுக்கு உழைத்துச் செய்யப்படவில்லை. முதிர்ந்த தாவர செல்லில் நீர்மம் நிறைந்த பையான மைய வாக்குவோல் கன அளவில் 90 விழுக்காடு வரை கொள்ளக்கூடும். சைட்டோபிளாசமும் நுண்ணுறுப்புகளும் சுவரை ஒட்டிய மெல்லிய படலமாக ஒதுங்கிவிடும். இங்கு மற்ற உறுப்புகளுக்கு இடம் விடுவதற்காக வாக்குவோலை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டனர். செல்லை விறைப்பாக வைத்திருக்கும் அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை இதைக்கொண்டு விளக்குவது கடினம். பசுங்கணிகம் 6 செ.மீ. நீளமே இருக்கிறது, 5 முதல் 10 மைக்ரோமீட்டர் நீளமுள்ள அது இந்த அளவீட்டில் குறைந்தது 10 செ.மீ. இருந்திருக்க வேண்டும். அதன் உள்ளே கிரானா (தைலகாய்டு என்னும் தட்டையான சவ்வுப் பைகளின் அடுக்குகள்) காசுகளை அடுக்கி வைத்தது போலத் தனித்தனியே நிற்கின்றன. அந்த அடுக்குகளை இணைக்கும் ஸ்ட்ரோமா தைலகாய்டுகள் விடப்பட்டிருப்பதால், எல்லாத் தைலகாய்டுகளின் உட்பகுதியும் தொடர்ச்சியான ஒரே வெளி என்பது மறைந்துபோகிறது. ஒளி பட்டதும் ஹைட்ரஜன் அயனிகள் சேர்வது அந்த வெளியில்தான். மைட்டோகாண்ட்ரியாவில் இரு சவ்வுகளுக்கு நடுவே நிகழ்வதை இதோடு ஒப்பிட்டுக் காட்ட நல்ல வாய்ப்பு இருந்தும் அது கைநழுவியது. தாவர செல்லில் சென்ட்ரியோல் வைக்காமல் விட்டது மட்டும் சரி. மலிவான மாதிரிகள் பலவற்றில் அதையும் வைத்துவிடுகிறார்கள்.

இனி, இந்த மாதிரியில் இல்லாதது. செல்லுக்கு உருவமும் தாங்கலும் தரும் புரத இழைகளின் தொகுதியான செல் சட்டகம் முழுமையாகவே விடப்பட்டிருக்கிறது. சென்ட்ரியோல் இணை ஒன்றுக்கொன்று செங்குத்தாக, ஒவ்வொன்றிலும் ஒன்பது மும்மைக் குழல்களோடு மிகச் சரியாகச் செய்யப்பட்டிருந்தும், அங்கிருந்து கிளம்பிச் செல்லெங்கும் விரியும் நுண்குழல் ஒன்றுகூட இல்லை. 25 நானோமீட்டர் தடிமனுள்ள அவற்றை அரை மில்லிமீட்டர் கம்பியால் அளவு மாறாமலேயே காட்டியிருக்கலாம் என்பதுதான் வேடிக்கை. கோல்கை உறுப்பு உட்கருவுக்கு அருகில் நிற்பதும், எண்டோபிளாச வலை விளிம்புவரை விரிந்திருப்பதும், மைட்டோகாண்ட்ரியா வேண்டிய இடத்துக்கு நகர்வதும் இந்தக் குழல்களாலும் அவற்றின்மேல் நடக்கும் இயக்கப் புரதங்களாலும்தான். கைனசின் ஓர் அடிக்கு 8 நானோமீட்டராகக் குழலின் வளரும் முனை நோக்கியும், டைனின் எதிர்த்திசையிலும் சுமையைக் கொண்டுசெல்கின்றன. சட்டகம் இல்லாத செல்லில் உறுப்புகள் ஏன் அந்தந்த இடத்தில் இருக்கின்றன என்ற கேள்விக்கு, காந்தம் அங்கே இருக்கிறது என்ற விடைதான் கிடைக்கும்.

உறுப்புகளுக்கு நடுவிலுள்ள இடமும் வெறுமையாகத் தோன்றும்படி தெளிந்த நெகிழியால் நிரப்பப்பட்டிருக்கிறது. சைட்டோசாலின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் புரதமே இருக்கும். அங்கு வெற்றிடம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. எண்டோபிளாச வலையும் மைட்டோகாண்ட்ரியாவும் 10 முதல் 30 நானோமீட்டர் இடைவெளியில் நெருங்கி நின்று கொழுப்புகளையும் கால்சியத்தையும் பரிமாறிக்கொள்ளும் இடங்களைப் பற்றி மேல்நிலை நூல்களே பேசாதபோது, மாதிரியைக் குறை சொல்வது முறையன்று. எனினும் ஒரு மைட்டோகாண்ட்ரியனை வலையை ஒட்டி வைக்க ஒரு காந்தம் கூடுதலாகத் தந்திருக்கலாம்.

கட்டுமானம் உறுதியானது. காந்தங்கள் தளரவில்லை, கீல்கள் இறுக்கமாக உள்ளன, வண்ணம் ஈரத்துணியால் துடைத்தாலும் போவதில்லை. கோல்கை உறுப்பின் கம்பிகள் மட்டும் எளிதில் வளைகின்றன; பலர் கைபட்டால் ஒடியும், உதிரிக் கம்பிகளும் தரப்படவில்லை. சென்ட்ரியோல் இணை சிறியது என்பதால் தொலையும் வாய்ப்பு அதிகம். வகுப்பு முடிந்ததும் அதைத் தனியே எடுத்து வைப்பது நல்லது. பெட்டியின் உள்ளே ஒவ்வோர் உறுப்புக்கும் வெட்டிய நுரைப்பஞ்சு இடம் இருப்பதால் எது குறைகிறது என்று உடனே தெரிந்துவிடுகிறது.

பள்ளி ஆய்வகத்துக்கு ஒரு மாதிரி மட்டுமே வாங்க முடியும் என்றால் இதையே பரிந்துரைப்பேன். உட்கருவும் வலையும் இணைந்த அந்த ஒரு வார்ப்புக்காகவே. வீட்டில் தனியே படிக்கும் மாணவருக்கு இதைவிட, கல்லீரல் செல், கணைய செல், தசை செல், இலை செல் ஆகியவற்றின் மின்னணு நுண்ணோக்கிப் படங்கள் அடங்கிய நல்ல படத்தொகுப்பு பயன்படும். எல்லா உறுப்புகளும் சம அளவில் அமைந்த பொதுவான செல் என்று எதுவும் உடலில் இல்லை. முதிர்ந்த மனிதச் சிவப்பணுவில் உட்கருவோ மைட்டோகாண்ட்ரியாவோ கிடையாது; எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்லில் சொரசொரப்பான வலையே பெரும்பகுதி; ஸ்டீராய்டு சுரக்கும் செல்லில் வழவழப்பான வலையே மிகுதி. வாங்கும் ஆசிரியர் கையேட்டை ஒதுக்கிவிட்டு, எண்களுக்குரிய பட்டியலைத் தாமே எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கல்லீரல் செல்லில் அதன் கன அளவு விழுக்காட்டையும் குறித்து வைத்துக்கொள்ளலாம்: சைட்டோசால் 54, மைட்டோகாண்ட்ரியா 22, சொரசொரப்பான வலை 9, வழவழப்பான வலையும் கோல்கை உறுப்பும் சேர்ந்து 6, உட்கரு 6, பெராக்சிசோம், லைசோசோம், எண்டோசோம் தலா 1. கடைசியில் வரும், செல் விழுங்கியவற்றை ஏற்கும் பையான எண்டோசோமுக்கு இந்த மாதிரியில் உருண்டையும் இல்லை, எண்ணும் இல்லை. மிஞ்சிய லைசோசோம் உருண்டைகளில் ஒன்றுக்கு வேறு வண்ணம் பூசிச் செல் சவ்வின் அருகே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.